சும்மா செய்கிறவனுக்கு ஒரு பெட்டி

(பிலிமத்தலாவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாதிரி விமானம் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அதைக் கேட்க பிலிமத்தலாவையில் யார் வரப்போகிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். கதவோரம் நிற்பவர்கள் அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

விமானப் பெட்டி வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளையோடு உட்கார்ந்து ஒட்டுவார். இறக்கை கொஞ்சம் கோணலாக நிற்கும். பறந்தால் சந்தோஷம், உடைந்தாலும் சிரிப்பு. இவரைச் சும்மா செய்கிறவர் என்போம். மற்றவர் போட்டிக்காரர். அவரிடம் மில்லிகிராம் நிறுக்கும் தராசு இருக்கும். ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைத்த குறிப்புப் புத்தகமும் இருக்கும். இந்த இரண்டு பேரில் யாருக்காக ஒரு கம்பனி பெட்டி செய்ய வேண்டும்? என்னைக் கேட்டால் முதலாமவருக்காக. ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

இங்கிலாந்தில் எயார்பிக்ஸ் என்றொரு கம்பனி. நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் தொடங்கியது. 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற கப்பலின் சிறு மாதிரியை பிளாஸ்டிக்கில் வார்த்து வூல்வர்த் கடைகளுக்குக் கொடுத்தார்கள். பெட்டி போட்டால் விலை கட்டாது என்பதால் பிளாஸ்டிக் பைக்குள் துண்டுகளைப் போட்டு, மேலே ஒரு கடதாசியை மடித்துக் குத்திவிட்டார்கள். விலை இரண்டு ஷிலிங். அடுத்த ஆண்டு ஸ்பிற்பயர் விமானம் வந்தது. விமானம் தெரிந்தவர்களுக்கு அது திருப்தியாக இல்லை. வடிவத்தில் அப்படியான பிழைகள். ஆனால் வூல்வர்த் கடைக்குப் பென்சில் வாங்க வந்த பையனுக்கு அந்தப் பிழை தெரியாது. அவன் கையில் இரண்டு ஷிலிங் இருந்தது, வானத்தில் ஸ்பிற்பயரைப் பார்த்த ஞாபகமும் இருந்தது. அவ்வளவு போதும். பிழையான அந்த விமானத்தில் இருந்துதான் எயார்பிக்ஸ் விமான வரிசை தொடங்கிற்று. திருத்தமான அச்சுகள் பிறகு வந்தன. பிழையானது விற்ற காசில்தான் அவை வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இது மேசையில் வைக்கும் விமானத்தின் கதை. பறக்கும் விமானத்தின் கதை இன்னும் பழையது, இன்னும் ருசியானது. 1871 ஓகஸ்ட் 18ஆம் திகதி, பாரிஸ் நகரத்துத் துய்லெரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய இறப்பரால் ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 செக்கனில் ஏறத்தாழ 40 மீற்றர் போயிற்று. தானாகவே நிதானமாகப் பறந்த முதல் விமானங்களில் அது ஒன்று. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அப்போது இலங்கையில் இறப்பர் மரமே இல்லை. கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர்க் கன்று வந்தது 1876இல். இன்று நம் மலையடிவாரங்களில் பால் வெட்டும் மரத்துக்கு முன்பே, அதன் பால் பாரிஸில் பறந்துவிட்டது.

பெனோ செய்த இன்னொரு வேலை, இறப்பர் முறுக்கில் மேலே ஏறும் சின்ன ஹெலிகொப்டர் பொம்மை. 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் அந்த மாதிரிப் பொம்மையொன்றை வாங்கிவந்து தன் இரண்டு மகன்மாரின் கையில் கொடுத்தார். அது உடைந்தது. பையன்கள் தாங்களே இன்னொன்று செய்தார்கள். அவர்கள்தான் வில்பர், ஓர்வில் ரைட். அந்த வீட்டில் அன்று போட்டிக்காரர் ஒருவரும் இல்லை.

போட்டி பிறகு வந்தது. கஸ்ரோல் எண்ணெய்க் கம்பனியைத் தொடங்கிய வேக்பீல்ட் பிரபு 1911இல் ஒரு கிண்ணம் கொடுத்தார். 1928இல் அவர் பெயரிலான சர்வதேசக் கிண்ணம் வந்தது. இறப்பர் முறுக்கில் அதிக நேரம் வானில் நிற்கிற விமானத்துக்குப் பரிசு. அந்த வகுப்பை இன்றும் வேக்பீல்ட் என்றே அழைக்கிறார்கள். விமானங்கள் அவ்வளவு நன்றாகப் பறந்ததால் விதியை இறுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1950களின் நடுவில் 80 கிராம் இறப்பர் போட முடிந்தது. இன்று 30 கிராம்தான். இறப்பரை விட்டுப் பார்த்தால் விமானத்தின் எடை 200 கிராமுக்குக் குறையக் கூடாது.

இந்த 30 கிராமைப் போட்டிக்காரர் முறுக்குகிறதைப் பார்த்திருக்கிறீர்களா? இறப்பர் நாடாக்களை ஒன்றாகச் சேர்த்து, சிலிக்கன் எண்ணெய் தடவி, பல மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, துளைபோடும் கருவி போன்ற ஒன்றால் சுற்றுவார். சுற்றச் சுற்றப் பின்னோக்கி நகர்ந்தவர் மெதுவாக முன்னே வருவார். முறுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட ஒரு மானி உண்டு. இறப்பர் ஒரு குழாய்க்குள் இருக்கும். அறுந்தால் விமானத்தின் உடல் சிதறாமல் இருக்க அந்தக் குழாய். இவ்வளவும் முடித்த பிறகும் உடனே விடமாட்டார். நிலம் சூடாகி எழும்பும் காற்றுக் குமிழி எங்கே என்று பார்ப்பார். கம்பில் கட்டிய மெல்லிய நாடா எந்தப் பக்கம் எழும்புகிறது, யாரோ ஊதிய சவர்க்காரக் குமிழி எங்கே மேலே போகிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் கை.

இந்தக் காற்றுக்குள் போய்விட்டால் விமானம் திரும்பி வராது, மேகத்தோடு போய்விடும். அதைக் கீழே கொண்டுவர முன்னாளில் வாலில் மெதுவாக எரியும் திரியொன்றைச் செருகி வைத்தார்கள். திரி எரிந்து ஒரு இறப்பர் வளையத்தைச் சுட, வால் சடாரென்று மேலே மடங்கும், விமானம் படுக்கையாகவே கீழே இறங்கும். இப்போது அந்த வேலையை மணிக்கூடும் வானொலிக் கருவியும் செய்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்கள் போட்டிக்காரர்களே. அதை நான் மறுக்கவில்லை. கட்டடத்துக்குள் பறக்கும் வகுப்பில் விமானம் ஒரு கிராமைக் கொஞ்சம்தான் தாண்டும். ருமேனியாவின் ஸ்லானிக் என்ற இடத்தில் கைவிட்ட உப்புச் சுரங்கத்துக்குள் அது ஏறத்தாழ அரை மணித்தியாலம் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வேகமாக நடந்தால் அந்தக் காற்றுக்கே அது தடம் மாறும். அதைச் செய்கிறவரின் கைக்கு நான் தலைவணங்குகிறேன். அவர் ஒரு வருடத்தில் எத்தனை பெட்டி வாங்குவார்? ஒன்றும் வாங்கமாட்டார். அவருக்கு வேண்டிய மரத்தை அவரே தெரிந்தெடுப்பார், அவரே சீவுவார்.

இதைவிட விசித்திரமான ஒரு திருப்பம் வேக்பீல்ட் வகுப்பில் நடந்தது. முந்தி அங்கே ஒரு விதி: பறக்கவிடுகிறவரே விமானத்தைக் கட்டியிருக்க வேண்டும். அந்த விதியைப் பின்னர் எடுத்துவிட்டார்கள். சோவியத் காலத்தில் மாதிரி விமானத்தை ஒரு விளையாட்டுத் துறையாகவே வளர்த்த நாடுகளில், முக்கியமாக உக்ரைனில், கார்பன் நாரில் இறக்கை செய்யும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்து விற்ற விமானங்கள் உலகமெங்கும் போயின. பல நாடுகளின் அணியினர் வாங்கிய விமானத்தோடு உலகப் போட்டிக்குப் போகிறார்கள். போட்டிக்காரர் கட்டுவதை விட்டுவிட்டார், வாங்கிப் பறக்கவிடுகிறார். தன் கையால் ஒட்டி, விரலில் பசை காய்ந்து, உரித்துக்கொண்டிருப்பவர் சும்மா செய்கிறவர். இந்தக் கலையின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்று நீங்களே யோசியுங்கள்.

இனிக் கடைப் பக்கம் போவோம். பறக்கும் விமானப் பெட்டி விற்று நூறு வருடத்தை எட்டிய கம்பனி கிலோஸ். முதலாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானியாக இருந்த போல் கிலோ அதை 1926இல் தொடங்கினார். இடம் மசாசூசெட்ஸ் மாநிலத்து வேக்பீல்ட் என்ற ஊர். கிண்ணத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை, பெயர்ப் பொருத்தம்தான். அடுத்த வருடம் லிண்ட்பேர்க் என்ற விமானி தனியாக அத்திலாந்திக்கைப் பறந்து கடந்தார். அமெரிக்கப் பையன்களுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. கிலோஸ் பத்துச் சதத்துக்குப் பெட்டி விற்றது. இரண்டாம் உலகப் போரில் பால்சா என்ற இலேசான மரம் யுத்தத்துக்குப் போயிற்று: உயிர் காக்கும் மிதவைக்கும், மொஸ்கிற்றோ குண்டுவீச்சு விமானத்தின் உடலுக்கும். பையன்களின் விமானத்துக்கு மட்டை கிடைத்தது. போருக்குப் பிறகு எஞ்சினும் வானொலிக் கட்டுப்பாடும் வந்தன; கெட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். கிலோஸ் அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. கையால் எறிகிற பால்சா மிதப்பியை, மிட்டாய் விலைக்கு, பெட்டிக்கடைகளுக்குக் கொடுத்தது. சில துண்டு மரம், மூக்கில் ஒரு உலோகத் துண்டு. பள்ளிக்கூடத்தால் வரும் பையன் வாங்குவான், சாயந்தரத்துக்குள் மரத்தில் சிக்கவைப்பான், நாளைக்கு வந்து இன்னொன்று வாங்குவான். சும்மா செய்கிறவன் உடைப்பதுதான் கம்பனிக்கு வருமானம். போட்டிக்காரர் உடைக்கமாட்டார், உடைந்தாலும் தானே ஒட்டிவிடுவார்.

கெட்டிக்காரத்தனமாக இரண்டு பேரையும் பிடித்த கம்பனியும் உண்டு. 1989இல் செக் நாட்டில் தொடங்கிய எடுவார்ட் ஒரே அச்சில் வார்த்த ஒரே பிளாஸ்டிக்கை இரண்டு விதமாக விற்கிறது. ஒரு பெட்டிக்கு வார இறுதிப் பதிப்பு என்று பெயர்: பிளாஸ்டிக் துண்டு, ஒட்டும் அடையாளச் சீட்டு, குறைந்த விலை. மற்றப் பெட்டியில் அதே பிளாஸ்டிக்கோடு விமானி அறையின் ஆசனப் பட்டி முதற்கொண்டு அரித்துச் செய்த உலோகத் தகடும், வர்ணம் பூசும்போது கண்ணாடியை மறைக்கும் ஒட்டுத் தாளும் இருக்கும். விலை கூட. எனக்குப் பிடித்தது இதில் உள்ள மரியாதை. மலிவுப் பெட்டிக்காரனுக்கு மட்டமான அச்சைக் கொடுக்கவில்லை. நல்லதையே கொடுத்து, வேண்டாத நகையை மட்டும் கழற்றி வைத்தார்கள்.

நமது வீதியில் நடப்பதும் இதுதான். கடுகண்ணாவையால் வரும் வாகனங்கள் நிற்கிற பித்தளைக் கடைகளைப் பாருங்கள். ஆளுயரக் குத்துவிளக்கு வாங்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? உள்ளங்கையளவு விளக்கு வாங்கிப் போகிறவர்கள்தான் கடைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பெரிய விளக்கைச் செய்யத் தெரிந்த கை அவர்களால்தான் பிழைக்கிறது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. தைப்பொங்கல் அன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். விக்னேஸ்வரா சனசமூக நிலையத்தார் நடத்துவது. பட்டமும் விமானத்தின் மூத்த உறவுதானே. கப்பலும் விமானமும் மிருகமும் எழும்பி வருகிற அந்தப் போட்டிப் பட்டங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மூங்கில் சீவி, ரிசுப் பேப்பர் ஒட்டி, இழுநூலைப் பிணைக்கும் முச்சை கட்டி, ஆள் சேர்த்துச் செய்ய வேண்டும். முச்சை ஒரு விரற்கடை மேலே கீழே போனால் பட்டம் குத்தும், அல்லது எழும்பவே மாட்டாது. அதே நேரம், அதே ஊரில், அதே காற்றில், சின்னப் பையன் ஒருவன் நான்கு முழ நூலில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பான். காற்றில் ஒலிக்கும் விண் பூட்டிய கொக்குப் பட்டத்தை ஏற்றிவிட்டு, இரவிரவாக அது கூவுவதைக் கேட்டுக்கொண்டு படுக்கிறவர்களும் உண்டு. அவர்கள் எந்தப் போட்டிக்கும் போவதில்லை. போட்டிப் பட்டம் செய்பவர் அந்தச் சின்னப் பையனாக இருந்தவர்தான். இடையில் ஒரு கடையோ, விலையோ, விதிப்புத்தகமோ நின்று அவர்களைப் பிரிக்கவில்லை.

பருத்தித்துறைப் பக்கம் 2021 டிசெம்பரில் பெரிய பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் அப்படியே வானில் எழும்பிய வீடியோவை உலகமே பார்த்தது. நல்ல காலம், உயிர் தப்பினார். சிரிப்பதற்கு அல்ல, பிள்ளைகளே, கயிறு இழுத்தால் கையை விடுங்கள் என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். விமானத்தோடு நமக்கு என்ன உறவு என்று கேட்கலாம். 1944இல் விமானப் படைகளையும் சேர்த்துத் தென்கிழக்காசியப் போரையே நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் இருந்தது நமக்குப் பக்கத்தில், பேராதனைப் பூந்தோட்டத்தில். ஆனாலும் இன்று கண்டிப் பக்கத்துப் பிள்ளை ஒரு விமானப் பெட்டி வாங்க நினைத்தால் லேசில் முடியாது. 2020இலிருந்து வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2022இல் டொலர் இல்லாமல் போன கதையும் இந்த வகைச் சாமானை முதலில் வெட்டின. பால்சாவின் நிலைமையும் மோசமாயிற்று. எக்குவடோரில் இருந்து வரும் அந்த மரத்தைக் காற்றாலை இறக்கைகளுக்குள் வைக்கிறார்கள். 2020 அளவில் சீனாவில் காற்றாலை கட்டிய வேகத்தில் உலகமெங்கும் விலை ஏறிப்போயிற்று. வானொலியில் இயக்கும் விமானத்தைப் பற்றி யோசித்தாலோ, அங்கே சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன் போன்றவற்றைக் கொஞ்சக் காலம் அடியோடு நிறுத்தியதும் ஞாபகமிருக்கும். பெரிய செலவு செய்து, அனுமதி எடுத்துப் பறக்கவிடும் சிலர் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்த்துகள். நான் பேசுவது மற்றப் பிள்ளைகளைப் பற்றி.

பாடசாலைகளில் இதைத் தொடங்கலாம் என்றால் உடனே போட்டி வைப்போம் என்கிறார்கள். வலயம், மாகாணம், தேசியம், பிறகு ஒரு கிண்ணம், ஒரு படம். என்ன நடக்கும்? காசுள்ள வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து ஆயத்தமாக வந்த விமானத்தைக் கொண்டுவரும். இரண்டாவது வருடம் முப்பது பிள்ளைகள் மூன்று பிள்ளைகளாகிவிடுவார்கள். மூன்றாவது வருடம் ஆசிரியருக்கு இடமாற்றம்.

போட்டி வேண்டும் என்றால் இப்படி வையுங்கள். அமெரிக்காவில் மாதிரி விமானக் கழகத்தைச் சேர்ந்த பிராங் ஏலிங் என்பவர் டெல்டா டார்ட் என்று ஒரு சின்ன விமானம் வரைந்தார். மெல்லிய கடதாசியில் அதன் வரைபடம் அச்சிட்டிருக்கும். பிள்ளை அந்தக் கோட்டின் மேலேயே பால்சாக் குச்சிகளை ஒட்டும். காய்ந்ததும் கடதாசியை வெட்டி எடுத்தால் அந்த வரைபடமே இறக்கையின் தோல். தனியாகத் தோல் போர்த்தும் வேலையே இல்லை. முதன்முதல் கத்தியைப் பிடிக்கும் பிள்ளையும் ஒரே அமர்வில் முடித்து, அன்றைக்கே பறக்கவிடும். எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரே குச்சி, ஒரே இறப்பர். வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவரக் கூடாது. மண்டபத்தில் செய்து மண்டபத்திலேயே விட வேண்டும். போட்டிக்காரனாகப் போகிற பிள்ளை அங்கேயே தன்னைக் காட்டிவிடும்: மற்றவர்கள் நொறுக்குத் தீனிக்கு ஓடும்போது அது வாலை ஒரு மயிரிழை வளைத்துக்கொண்டிருக்கும். மற்ற இருபத்தொன்பது பிள்ளைகளும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகும். எனக்கு அந்த இருபத்தொன்பது முக்கியம்.

பால்சா இல்லை என்பீர்கள். மீன் கடையில் றெஜிபோம் பெட்டி வருகிறது. 2017இல் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியைத் தடை செய்தார்கள், மீன் பெட்டி இன்னும் இருக்கிறது. அதை மெல்லிசாகச் சீவினால் அருமையான மிதப்பி வரும். சுப்பர் குளூ பூசாதீர்கள், றெஜிபோம் கரைந்து ஓட்டை விழும். வெள்ளை பைண்டர் கம் போதும். எறிந்து பாருங்கள். மூக்கைத் தூக்கி நின்று பொத்தென்று விழுந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் வையுங்கள். நேரே நிலத்தில் குத்தினால் களிமண்ணைக் குறையுங்கள். இடப்பக்கம் சுற்றினால் இறக்கை கோணியிருக்கிறது, ஆவி பிடித்து நிமிர்த்த இது பால்சா அல்ல, விரலால் மெதுவாக முறுக்கிவிடுங்கள்.

பெட்டியை வெட்டமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இரண்டு தரம் கழுவுங்கள்.